நிறுத்தத் தெரிந்த ஓட்டக்காரர்

(சேலத்தில் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் நெடுந்தூர ஓட்டம் பழகும் இளைஞர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரே பந்தயத்தில் ஓடிய இரண்டு பேரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். 1968, மெக்சிகோ நகர ஒலிம்பிக், மாரத்தான். 75 பேர் புறப்பட்டார்கள், 57 பேர் முடித்தார்கள். அந்த 57-ஆவது ஆள் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி. வழியில் விழுந்து முழங்கால் மூட்டு பிசகிவிட்டது. கட்டுப்போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி, 3 மணி 25 நிமிடத்தில், முதல் ஆள் வந்து ஒரு மணி நேரத்துக்கும் பிறகு அரங்கத்துக்குள் நுழைந்தார். இருட்டிவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது. அந்தப் படக்காட்சியை உங்களில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். பள்ளி ஆண்டு விழாக்களில் போட்டுக் காட்டுகிறோம், கைதட்டுகிறோம்.

இரண்டாவது ஆள் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960-இல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றவர். 1964-இல் டோக்கியோவில், குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரமே ஆன நிலையில் மறுபடியும் தங்கம் வென்றவர். ஒலிம்பிக் மாரத்தானை இரண்டு முறை வென்ற முதல் மனிதர். மெக்சிகோவுக்கு அவர் காலெலும்பில் காயத்தோடு வந்திருந்தார். ஏறத்தாழ 17 கிலோமீட்டர் ஓடினார். அதற்கு மேல் அந்தக் கால் தாங்காது என்று தெரிந்ததும் நின்றுவிட்டார். பந்தயத்தை அவருடைய நாட்டுக்காரர் மாமோ வோல்டே வென்றார். பிகிலா நின்ற காட்சியை எந்த ஆண்டு விழாவிலும் நான் பார்த்ததில்லை.

அக்வாரியைக் குறைசொல்ல நான் வரவில்லை. அது பந்தயத்தின் நடுவில் பட்ட அடி. வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கிற மேடை அது, முடிப்பதா வேண்டாமா என்பது அவர் உரிமை. நம்முடைய ராசிபுரத்துப் பையனோ ஆத்தூர்ப் பெண்ணோ தினமும் ஓடுகிறவர்கள். கெண்டைக்கால் பக்கத்து எலும்பில் மூன்று வாரமாக ஒரே இடத்தில் வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளைக்கு அக்வாரி படத்தைப் போட்டுக் காட்டுவது தவறான மருந்து. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது பிகிலாவின் கதை. இரண்டு முறை உலகத்தை வென்ற மனிதனே 17-ஆவது கிலோமீட்டரில் ஓரம் ஒதுங்கினான், நீயும் ஒதுங்கலாம் கண்ணு என்று சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பெயரையும் இழுக்கிறார்கள். ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்ற அம்மா சரோஜா கடன் வாங்கி வைத்தியம் பார்த்தார். அந்தப் பையன்தான் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் என்று அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கினார். சேலத்துக்காரன் என்று சொல்லிக்கொள்ள நமக்கு இதைவிடப் பெருமை வேண்டாம். ஆனால் மைதானத்தில் ஒரு பிள்ளை நொண்டினால், “மாரியப்பனைப் பாரு, உனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு” என்று அதட்டுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

மாரியப்பன் தன் காலைக் கவனிக்காமல் விட்டு ஜெயித்தவர் இல்லை. டோக்கியோவில் போட்டி நடந்தபோது மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்துவிட்டது, அதனால் தாண்டுவது கடினமாகிவிட்டது என்று போட்டி முடிந்ததும் அவரே சொன்னார். காலுறை ஈரமானது வரைக்கும் கணக்கு வைத்திருக்கிற மனிதர் அவர். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கவனத்தை. வலியைச் சொல்ல வந்த பிள்ளையின் வாயை அடைக்க அவர் பெயரைப் பயன்படுத்தாதீர்கள்.

சரி, நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு வருகிற காயம் பெரும்பாலும் எப்படிப்பட்டது? விழுந்து வருவது குறைவு. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருவதுதான் அதிகம். முன்னங்கால் எலும்பு ஓரத்து வலி, குதிகால் வலி, குதிநரம்பு வீக்கம், முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி, கடைசியாக எலும்பில் மயிரிழை விரிசல். இதில் விரிசலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நம் பகுதியில் அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

1855-இல் பிரஷ்யப் படையில் பிரைட்ஹாப்ட் என்றொரு மருத்துவர் இருந்தார். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த பின் பாதம் வீங்கி வலியோடு வருவதை அவர்தான் முதலில் எழுதி வைத்தார். அப்போது எக்ஸ்ரே கிடையாது. அது வருவதற்கு இன்னும் 40 ஆண்டு இருந்தது. பிறகு எக்ஸ்ரே வந்துதான், அது எலும்பு விரிசல் என்று உறுதியானது. நோய் முதலில் தென்பட்டது படையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் புதியவர்களுக்கு? எலும்பு உயிருள்ள பொருள். பாரம் கூடினால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். திருத்தும்போது முதலில் வேலைக்கு வருவது பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள். அவற்றுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் போதும். புது எலும்பை நிரப்பும் செல்கள் பின்னால் வருகின்றன. அவற்றின் வேலை முடிய மூன்று மாதம்கூட ஆகும். ஆக, ஓட்டத்தைத் திடீரென்று கூட்டிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. அதே சமயம் மூச்சும் தசையும் பழகிவிடுகின்றன. பிள்ளைக்கு உற்சாகம், “இப்பத்தான் சார் ஓட்டம் பிடிபடுது” என்பான். உடம்பு இன்னும் ஓடு என்கிறது, எலும்போ அதற்குத் தயாராக இல்லை.

இப்போது நம் ஊர்க் காலண்டரைப் பாருங்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு முடிவு வருகிறது. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பழகிய ஓட்டக்காரருக்கு அது ஒன்றுமே இல்லை. கோச்சிங் சென்டரில் ஒரு வருடம் உட்கார்ந்தே படித்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம். முடிவு வந்த மறுநாள் காலை நான்கரை மணிக்கு ஷூவை மாட்டுகிறான். ஷூ என்றால் தம்பி போட்டுத் தேய்ந்த ஷூ. தார் ரோடு. நாமக்கல் பைபாஸில் லாரி போகிற ஓரம். தண்ணீர் வடிவதற்காக ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். தினமும் ஒரே ஓரத்தில் ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும், இடுப்பும் முழங்காலும் கோணும். மூன்றாவது வாரம் முன்னங்காலில் வலி. உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். வயது வரம்பு வேறு நெருங்குகிறது. அவனிடம் போய் “ஓய்வெடு” என்று சொன்னால் அவன் காதில் விழாது. அவன்மேல் தப்பில்லை. எழுத்துத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பிக்கும் நாளிலேயே வாரம் மூன்று நாள் மெதுவாக ஓட வைத்திருந்தால் இந்த நெருக்கடியே வந்திருக்காது. கோச்சிங் சென்டர் நடத்துகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், இது உங்களுக்கு.

விரிசலை எப்படிச் சந்தேகிப்பது? எலும்பின் நீளம் முழுக்கப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் தசையும் எலும்பு உறையும் சேர்ந்த வலி. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரு விரல் நுனியால் தொட்டு “இங்கதாங்க” என்று ஒரே புள்ளியைக் காட்டினால் கவலைப்பட வேண்டும். அந்த ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னதும் முகம் சுளித்தால், இரவு படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றே ஓட்டம் நிற்க வேண்டும். தொடையிடுக்கில் ஆழமாக வலிக்கிறது, ஊன்றி நடந்தால் கூடுகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அது தொடையெலும்பின் கழுத்தில் வந்த விரிசலாக இருக்கலாம். முற்றிலும் முறிந்தால் அறுவைச் சிகிச்சை, சில வேளை வாழ்நாள் ஊனம்.

இன்னொன்று, முக்கியமானது. முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் விரிசல் பெரும்பாலும் தெரியாது. “எக்ஸ்ரே நார்மல்” என்று சொன்னதை நம்பி மறுநாளே ஓடப் போகிறவர்கள் ஏராளம். வலி அதே புள்ளியில் நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

நாம் செய்வது என்ன? சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போகிறோம். அவர் நல்லெண்ணெய் தடவி அழுத்தி நீவுவார். தசைப்பிடிப்பு என்றால் சுகமாக இருக்கும், நானும் மறுக்கவில்லை. விரிசல் விட்ட எலும்பை நீவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அடுத்தது மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை, இல்லாவிட்டால் போட்டியன்று காலையில் ஓர் ஊசி. வலி போய்விடும், காயம் போகாது. வேர்த்து உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் டைக்ளோபினாக் மாதிரி மருந்து சிறுநீரகத்துக்குக் கேடு. சித்திரை வெயிலில் சேலத்தில் ஓடுகிறவருக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

இது நம்மூர்ப் பிள்ளைகள் மட்டும் செய்கிற காரியம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப், 2003-இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் மாரத்தான் ஓடி உலக சாதனை படைத்தவர். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சற்று முன்பு காலில் காயம். எப்படியாவது ஓட வேண்டும் என்று வீக்கம் குறைக்கும் மருந்துகளை நிறைய எடுத்துக்கொண்டார். வயிறு கெட்டது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. ஏறத்தாழ 36 கிலோமீட்டரில் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. அது ஆகஸ்ட் மாதம். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். ஏதென்ஸில் உட்கார்ந்ததால்தான் நியூயார்க்கில் ஓட முடிந்தது என்பது என் எண்ணம். பத்திரிகைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் கட்சிக்கு எதிரான கதை ஒன்றும் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். 1984-இல் முதன்முதலாகப் பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வைத்தார்கள். நாட்டின் தகுதிப் போட்டி மே 12. அதற்கு 17 நாள் முன்பு, ஏப்ரல் 25-ஆம் தேதி, அவருடைய முழங்காலில் துளை வழி அறுவைச் சிகிச்சை. 17-ஆவது நாள் ஓடினார், வென்றார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸில் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். அப்படியானால் ஓய்வெல்லாம் எதற்கு என்று பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறான், தெரிகிறது.

அதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, என்ன காயம் என்று தெரிந்திருந்தது. மூட்டுக்குள் மாட்டிக்கொண்டு உரசிய ஒரு திசு, எடுத்ததும் தடை நீங்கியது. எலும்பு விரிசலுக்கு அப்படி எடுத்துப்போட ஒன்றுமில்லை. இரண்டாவது, அவசரமாகத் திரும்பியதில் அவருக்கும் பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டது. காயம்பட்ட காலைக் காப்பாற்ற உடம்பு தானாகவே நடையை மாற்றும், அதனால் வேறு இடம் கெடும். அறுவைக்குப் பின் ஓட முடியாத நாட்களில் அவர் சும்மாவும் இருக்கவில்லை, கையால் சுழற்றும் சைக்கிளில் மூச்சுப் பயிற்சி செய்தார். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் அவினாஷ் சாப்ளே. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம், நம் கொல்லிமலை அடிவாரம் போல மழையை எதிர்பார்த்து வாழும் ஊர். ராணுவத்தில் சேர்ந்து சியாச்சினில் காவல் நின்றவர். 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓடுகிறவர். அந்தப் பந்தயத்தில் 28 தடை, அதோடு 7 தண்ணீர்க் குழி, ஒவ்வொரு தடவையும் ஒரு காலில் இறங்க வேண்டும். கணுக்கால் காயத்தால் 2018 ஆசியப் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. வருத்தம் இருக்காதா? அதே ஆண்டு செப்டம்பரில் புவனேஸ்வரத்தில் 8 நிமிடம் 29.80 விநாடியில் ஓடி, கோபால் சைனியின் 37 ஆண்டு தேசிய சாதனையை உடைத்தார். அதன் பிறகு அந்தச் சாதனையை அவரே திரும்பத் திரும்பக் குறைத்து, 2024-இல் பாரிஸ் டயமண்ட் லீக்கில் 8 நிமிடம் 09.91 விநாடிக்குக் கொண்டுவந்தார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி, 2023 ஹாங்சோவில் ஆசியத் தங்கம்.

2025 ஜூலை, மொனாக்கோ. தண்ணீர்க் குழித் தாண்டலில் விழுந்தார். முழங்காலில் ஏசிஎல் ஜவ்வும் மெனிஸ்கஸும் கிழிந்தன. மும்பையில் அறுவைச் சிகிச்சை. செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டிக்கு அவர் போகவில்லை. ஏசிஎல் அறுவைக்குப் பின் முழுவேகத்தில் ஓட ஒன்பது மாதமாவது ஆகும், குறுக்கு வழி கிடையாது. நம்மூர்க் கிரிக்கெட் வீரர் நடராஜனும் இந்தப் பாதையில் போனவர்தான். சின்னப்பம்பட்டியிலிருந்து கிளம்பி ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர், சில மாதத்திலேயே, 2021 ஏப்ரலில், முழங்கால் காயத்தால் ஐபிஎல்லை விட்டு விலகி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். புகழின் உச்சியில் இருந்தபோது விலகினார். ஊர்த் தேநீர்க் கடைகளில் ஆளாளுக்குப் பேசியிருப்பார்கள், அதற்கெல்லாம் காது கொடுத்தால் கால் போயிருக்கும்.

ஓடாத நாட்களில் என்ன செய்வது? வீட்டில் படுத்து ரீல்ஸ் பார்த்தால் மனசும் கெடும், மூச்சும் போகும். வலி தராத அளவுக்குச் சைக்கிள் மிதிக்கலாம். தண்ணீரில் ஓடலாம். நம் பக்கத்து விவசாயக் கிணறுகளில் நீச்சல் தெரியாத பிள்ளை குறைவு. காற்றடித்த டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு, கால் தரையில் படாத ஆழத்தில், ஓடுகிற மாதிரியே கையையும் காலையும் அசைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் மேட்டில் இருக்க வேண்டும், அது கண்டிப்பு. கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதும் கண்டிப்பு, அதற்கு நான் பொறுப்பில்லை.

திரும்பி வரும்போது முதலில் அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிய வேண்டும். பிறகு ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நடப்பது. மண் தரை, ஏரிக்கரை, பள்ளி மைதானம் நல்லது. ஏற்காட்டு வளைவுகளில் ஏறி ஓடுவது உறுதி தரும், இறக்கத்தில் ஓடுவது முழங்காலைத் தின்னும். ஏறி ஓடுங்கள், பஸ்ஸில் இறங்குங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி அம்மாக்களிடம் ஒரு சொல். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பை மெலிய வைக்கும். மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால், “ஓடறதால அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். மெலிந்தால் வேகம் வரும் என்று எடையைக் குறைக்கச் சொல்லும் பயிற்சியாளரை மாற்றுங்கள். ஊருக்கெல்லாம் முட்டை அனுப்புகிற நாமக்கல்லில் ஓடுகிற பெண்ணின் தட்டில் முட்டை இல்லை என்றால் வெட்கக்கேடு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியும் கீரையும் கிண்டுவது பெரிய செலவில்லை.

இதையெல்லாம் விடக் கடினமானது பயம். வலியைச் சொன்னால் அணியில் இடம் போய்விடும், விளையாட்டு விடுதியில் இடம் போய்விடும், அப்பா “இதுக்குத்தான் படிக்கச் சொன்னேன்” என்பார். அதனால் பிள்ளை பல்லைக் கடித்துக்கொள்கிறது. “டோர்னமெண்ட் முடியட்டும்ங்க சார், அப்புறம் பார்த்துக்கலாம்ங்க” என்கிறது. நொண்டுகிற மாட்டை எந்தக் கொங்கு விவசாயியும் ஏரில் பூட்ட மாட்டான். பிள்ளையைப் பூட்டுகிறோம், கேட்டால் சாதனை என்கிறோம்.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். குறுவட்டப் போட்டிக்குப் பெயர் எழுதும் முன் ஒவ்வொரு பிள்ளையின் முன்னங்கால் எலும்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள், ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லுங்கள். புள்ளி வைத்தாற்போல் வலித்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். ஒரே நாளில் 800-க்கும் 3000-க்கும் ஒரே பிள்ளையை இறக்காதீர்கள். போட்டியன்று காயம்பட்ட பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். மைதானத்துக்குக் கூட்டி வந்து கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, மற்றவர்களுக்கு நேரம் குறிக்க உட்கார வையுங்கள்.